அறுவடை மாதத்தில் கார் கழுவுவது

முடா நெல்வயல்களில் அறுவடை இயந்திரங்கள் இறங்கிவிட்டால், அலோர் ஸ்டாரில் எந்தக் காரும் ஒருநாள் முழுக்கப் பளபளப்பாக நிற்காது. ஜித்ரா பக்கமோ பெண்டாங் பக்கமோ ஒரு நடை போய்வந்தால் போதும், பானெட்டின் மேல் சாம்பல் படலம் உட்கார்ந்திருக்கும். ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் பூமி. தூசியும் இரண்டு போகம்தான்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நாம் என்ன செய்கிறோம்? கோழி இறகுத் துடைப்பத்தால் நாலு தட்டு. பனி ஈரம் இருந்தால் தோளில் கிடக்கும் ‘குட் மார்னிங்’ துண்டால் ஒரு இழுப்பு. சாயம் கீறுவது அங்கேதான். பழியோ கார் கழுவும் கடைக்காரர் தலையில் விழுகிறது.

அறுவடைத் தூசியில் நெல் உமியின் துகளும் உண்டு. அந்த உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சிலிகா. மணலிலும் பெரும்பாலும் அதே சரக்குதான். அந்தக் காலத்தில் உமிக்கரி போட்டுப் பல் துலக்கியவர்களுக்கு அதன் ‘கடி’ தெரியும். இப்படிப்பட்ட தூசியைத்தான் காய்ந்த துணியால் காரின் மேல் தேய்க்கிறோம். நிறத்துக்கு மேலே ‘கிளியர் கோட்’ என்று நிறமில்லாத பூச்சு ஒன்று உண்டு. அதன் கனம் ஏறக்குறைய 50 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கறுப்பு மைவி வைத்திருப்பவர் இரவில் எண்ணெய் நிலைய விளக்கடியில் நின்று பார்க்கட்டும், வட்டம் வட்டமாகக் கீறல்கள் தெரியும்.

வெயில் தாழ்ந்து, பானெட் கைக்குச் சூடில்லாமல் ஆனபிறகு கழுவத் தொடங்குங்கள். டயரையும் ரிம்மையும் முதலில் முடித்துவிடுங்கள். அதற்குத் தனி வாளி, தனித் துணி. பிறகு கூரையிலிருந்து கீழ்நோக்கி வெறும் தண்ணீர். இதில் கஞ்சத்தனம் கூடாது, பாதித் தூசி இதிலேயே போய்விடும். கூலிம், பாடாங் செராய் பக்கம் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடிய வண்டி என்றால், சக்கர வளைவில் ஒட்டிய சேற்றை ஊறவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

அடுத்து இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து, ஒரு கதவு அளவுக்குத் துடைத்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புக்குப் போக வேண்டும். சிறிது நேரத்தில் அலசும் வாளியின் அடியில் மண் படிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். ஒரே வாளி என்றால் அவ்வளவும் திரும்பக் காருக்கே போயிருக்கும். அழுத்தாமல், நேர்கோட்டில் இழுங்கள். கதவின் அடிப்பாகம் கடைசி. கையுறை தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும்.

தானாகக் காயட்டும் என்று விட்டால் நீர்க்கறை படியும். பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள்.

நேரமில்லாதவர்கள் ‘ஸ்னோ வாஷ்’ கடைக்குப் போகலாம், தப்பில்லை. நுரை மண்ணை இளக்கிவிடும். ஆனால் ரிம்மைத் துடைத்த துணி பானெட்டுக்கு வருகிறதா என்று மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், “தம்பி, வேற துணி எடுங்க” என்று.

வறட்சி மாதத்தில் குழாயில் தண்ணீர் நூலாக வரும்போது காரைக் கழுவாமலே விட்டுவிடலாம். படிந்து கிடக்கும் தூசி கீறாது, தேய்த்தால்தான் கீறும். அந்த நாள்களில் காய்ந்த துணியோடு மட்டும் காரின் கிட்டே போகாதீர்கள்.