ஒரு மாநாடு, நாலு தீர்மானம், நம்ம பிரஜாவுரிமை



திருகோணமலை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருது? கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், வேன் பிடிச்சுப் போய்க் கடல் பார்த்துட்டு வந்த நாள். இன்னும் ஒன்று இருக்கு. நம்ம ரொட்டிக்குக் கோதுமை மா அரைக்கிற பெரிய ஆலை அந்தத் துறைமுகத்து ஓரத்தில், சீனன்குடாவில்தான் இருக்கிறது. ஆனால் மாவைத் தவிர வேறொரு காரியத்திலும் அந்த ஊருக்கும் நம்ம லயத்துக்கும் தொடர்பு உண்டு. அதைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன்.

போன மாதம் வாசிகசாலையில் ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, பேப்பர்ல கட்சி மாநாடு, பொதுச்சபைன்னு போடுறாங்களே, அங்க என்னதான் நடக்குது? கொழுந்து எடுக்கிற நமக்கு அதால என்ன?" நல்ல கேள்வி. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது எந்தக் கட்சிக்கும் வால் பிடிக்க எழுதினது இல்லை. ஓட்டு உங்களுடையது. விளக்கம் மட்டும்தான் என்னுடையது.

மாநாடு என்றால் என்ன?

ஒரு கட்சிக்கு ஊர் ஊராகக் கிளை இருக்கும். கிளைகளிலிருந்து பேராளர்கள் தெரிவாகி வருவார்கள். அவர்கள் ஒரு சனி ஞாயிறு போல ஓரிடத்தில் கூடி மூன்று வேலை செய்வார்கள். கணக்கு வழக்கு, போன கால வேலை எல்லாம் பார்ப்பது ஒன்று. தலைவர், செயலாளர் போன்ற உத்தியோகத்தர்களைத் தெரிவு செய்வது இரண்டு. இனிமேல் எதற்காகப் போராடுவது என்று தீர்மானம் எடுப்பது மூன்று. நம்ம தோட்டத்தில் சங்கக் கிளைக் கூட்டம் போட்டுத் தலைவரையும் மாதர் சங்கத் தலைவியையும் தெரிவு செய்கிறோமே, அதேதான். அளவு பெரிசு, அவ்வளவுதான்.

தீர்மானம் என்பது சட்டம் இல்லை. பாராளுமன்றம் போடுவதுதான் சட்டம். தீர்மானம் என்பது, "எங்களுக்கு இது வேணும், இதை விட்டுக் கொடுக்க மாட்டோம்" என்று நாலு பேர் அறியச் சொல்லி எழுதி வைப்பது. பிறகு பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். அதனால் தாளில் நம்ம விஷயம் இருக்கா, எந்த இடத்தில் இருக்கா என்பது சின்ன விஷயம் இல்லை.

1948க்கு முன்னும் பின்னும்

என் பாட்டனார் 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். அந்த முறை தோட்டத்து மக்களின் ஓட்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் உட்படப் பல பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். 1952 தேர்தல் வந்தபோது பாட்டனாரின் பெயர் இடாப்பில் இல்லை. அவர் எங்கும் போகவில்லை. அதே தோட்டம், அதே லயம், அதே செக்ரோல் நம்பர். சட்டம்தான் மாறியிருந்தது.

1948 குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும் என்றது. தோட்டத்தில் அந்தக் காலத்துப் பிறப்புக்குப் பத்திரம் ஏது? 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. பதிவு செய்து பிரஜையாகலாம் என்று அது ஒரு வாசலைத் திறந்தது. ஏறக்குறைய 8 லட்சம் பேருக்காக 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் ஒரு சிறு பகுதிதான். அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை இல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்றாக்கினார்கள்.

இந்தச் சட்டங்களை ஒட்டித்தான் அன்றைய தமிழ்க் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. மலைநாட்டுத் தமிழருக்கு இன்று நடந்தது நாளை மற்றத் தமிழருக்கும் நடக்கும் என்று வாதாடிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், இ.மு.வி. நாகநாதன் ஆகியோர் வெளியேறி 1949 டிசம்பர் 18 அன்று இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார்கள். சின்னக் கட்சிதான். 1952இல் கிடைத்தது 2 ஆசனம். அதில் ஒன்று திருகோணமலை. அதன் முதலாவது தேசிய மாநாடும் 1951 ஏப்ரலில் திருகோணமலையில்தான் நடந்தது.

1956 ஆகஸ்ட்: நடந்தே வந்தவர்கள்

1956 ஜூனில் சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்ற சட்டம் வந்தது. அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கக் கட்சி மறுபடி திருகோணமலையில் மாநாடு கூட்டியது. பஸ்ஸில் மட்டும் ஆட்கள் வரவில்லை. வடக்கிலிருந்தும் மட்டக்களப்புப் பக்கமிருந்தும் கூட்டம் கூட்டமாக நடந்தே வந்தார்கள். திருமலை யாத்திரை என்று அதைச் சொல்வார்கள். அப்போது துறைமுகத்தில் இங்கிலாந்துக் கடற்படைதான் இருந்தது. அதை அவர்கள் ஒப்படைத்தது 1957இல்.

ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை, நாலு கோரிக்கைகளைத் தீர்மானமாக எடுத்தார்கள். சமஷ்டி ஆட்சி வேண்டும். தமிழுக்குச் சிங்களத்தோடு சம அந்தஸ்து வேண்டும். இந்த நாட்டைத் தாய்நாடாகக் கொண்ட எல்லாருக்கும் பிரஜாவுரிமை கிடைக்கும்படி சட்டத்தை மாற்ற வேண்டும். தமிழ்ப் பிரதேசங்களில் அரசாங்கக் குடியேற்றத்தை நிறுத்த வேண்டும். ஒரு வருஷத்துக்குள், அதாவது 1957 ஆகஸ்ட் 20க்குள், இவை நடக்காவிட்டால் சத்தியாக்கிரகம் என்று கெடுவும் வைத்தார்கள்.

மூன்றாவதைக் கவனிச்சீங்களா? அது நம்ம கோரிக்கை. துறைமுகத்து ஊரில், கடற்காற்றில், தேயிலைச் செடியே பார்க்காத பலர் கூடியிருந்த இடத்தில், லயத்து மக்களுக்காக எழுதப்பட்ட வரி. அதை நாம் மறக்கக் கூடாது.

அந்த வரிக்கு என்ன ஆச்சு?

கெடு நெருங்கியதும் பிரதமர் பண்டாரநாயக்க பேச வந்தார். 101 பேர் இருந்த பாராளுமன்றத்தில் 10 பேர் மட்டும் வைத்திருந்த கட்சியோடு பிரதமர் உட்கார்ந்து பேசினார் என்றால், மாநாட்டின் பலம் அது. 1957 ஜூலை 26இல் பண்டா-செல்வா ஒப்பந்தம் ஆனது. சத்தியாக்கிரகம் கைவிடப்பட்டது. பிரதேச சபைகள் பற்றி அதில் விவரமாக இருந்தது. மொழி பற்றி இருந்தது. குடியேற்றம் பற்றியும் இருந்தது. பிரஜாவுரிமைக்கு மட்டும், அதை விரைவில் கவனிப்போம் என்ற அளவில் ஒரு வாக்குத்தான் கிடைத்தது. திகதி இல்லை, கணக்கு இல்லை. ஒப்பந்தத்தைக்கூட 1958 ஏப்ரல் 9இல் பிரதமரே ரத்துச் செய்துவிட்டார்.

ஏன் நம்ம வரி இப்படிச் சுருங்கிப் போச்சு? நான் யோசித்துப் பார்த்ததில் எனக்குப் படுகிற காரணம் ஒன்றுதான். பேச்சு நடந்த மேசையில் நம்ம ஆள் இல்லை. வேறொருவர் நமக்காக நல்ல மனதோடு கேட்கலாம். ஆனால் பேரம் என்று வரும்போது தன் வீட்டுக் காரியத்தைத்தான் எவரும் இறுக்கிப் பிடிப்பார். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. படித்துக்கொள்ள வேண்டியது இருக்கு.

1964 அக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோதும் இதே கதைதான். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாக்கினார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாடு, தங்கச்சி ஒரு நாடு. தலைமன்னாரில் கப்பலுக்கு வழியனுப்பி அழுதவர்கள் இன்னும் நம்ம தோட்டங்களில் உயிரோடு இருக்காங்க, கேட்டுப் பாருங்க.

1972 மே 14இல் திருகோணமலையில் இன்னொரு கூட்டம் நடந்தது. தமிழர் கூட்டணி அமைந்த அந்தக் கூட்டத்தில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் சேர்ந்துகொண்டது. பிற்பாடு வழிகள் பிரிந்தன. இருந்தாலும் அன்று நம்ம ஆட்களும் அந்த மேசையில் இருந்தார்கள். 1977 தேர்தலில் தொண்டமான் வென்றார். 1986, 1988 சட்டங்கள் நாடற்றவர் பிரச்சினையைக் குறைத்தன. கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 தொட்டு இங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் பிள்ளைகளும் பிரஜைகள் என்றது. 1956 தீர்மானத்திலிருந்து எண்ணினால் 47 வருஷம். பாட்டனார் அதைப் பார்க்க இருக்கவில்லை.

2024இல் அதே ஊர்

அதே கட்சி 2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை திருகோணமலையில் கூடித் தலைவர் பதவிக்கு வாக்கெடுப்பு நடத்தியது. சி. சிறீதரனுக்கு 184, எம்.ஏ. சுமந்திரனுக்கு 137. அடுத்த சனிக்கிழமை பொதுச்சபை, ஞாயிறு தேசிய மாநாடு என்று ஏற்பாடு. சனிக்கிழமை மற்றப் பதவிகளைப் பற்றிப் பிணக்கு வந்ததால் ஞாயிறு மாநாடு தள்ளிப் போனது. பிறகு, தெரிவு கட்சி யாப்பின்படி நடக்கவில்லை என்று வழக்குப் போய், பெப்ரவரியில் நீதிமன்றம் மாநாட்டுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது.

யார் சரி, யார் பிழை என்று சொல்ல நான் வரவில்லை. நமக்கு வேண்டியது ஒரு விளக்கம். யாப்பு என்பது அலுமாரியில் பூட்டி வைக்கிற புத்தகம் இல்லை. யாருக்கு வாக்கு உண்டு, எத்தனை பேர் கூடினால் கூட்டம் செல்லும் என்பதை முதலே சரி பார்க்காவிட்டால், எடுத்த முடிவும் நிற்காது, கூடின நாளும் வீண். பெரிய கட்சிக்கும் அதுதான், நம்ம சங்கக் கிளைக்கும் அதுதான்.

நாம் செய்யக்கூடியது

மாதாமாதம் சந்தா பிடிபடுகிறது. ஆனால் கிளைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? "வேலை முடிஞ்சு வந்து சமைக்கவே நேரம் இல்ல, கூட்டத்துக்கு எங்க போறது" என்று அக்காமார் சொல்கிறார்கள். நியாயம்தான். அப்படியானால் கூட்ட நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கொழுந்து எடுக்கிற கை பெரும்பாலும் பெண்கள் கை. கையைத் தூக்கி வாக்களிக்கிற இடத்தில் அந்தக் கை இல்லாவிட்டால், நம்ம வரி மறுபடியும் கடைசி வரியாகிப் போகும்.

தாள் விஷயத்தையும் விடாதீர்கள். வாக்காளர் இடாப்பில் வீட்டில் தகுதியான எல்லாரின் பெயரும் இருக்கா என்று வருஷா வருஷம் கிராம உத்தியோகத்தரிடம் பாருங்கள். 15 வயது ஆன பிள்ளைக்கு அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்குக் காலங்கடந்த பதிவு செய்ய பிரதேச செயலகத்தில் வழி இருக்கு. தெரியாவிட்டால் என் அறைக்கு வாங்க, படிவம் சேர்ந்தே நிரப்புவோம்.

என் பாட்டி ஒரு ரொட்டித் துண்டை வெத்தலைப் பெட்டியில் மறந்தாலும் மறப்பார், பிரஜாவுரிமைப் பத்திரத்தை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி, சேலை மடிப்புக்குள் வைத்திருந்தார். "இது இல்லாம நாங்க பட்டது போதும்டா தம்பி" என்பார். அந்தப் பத்திரம் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. உங்க வீட்டுப் பெட்டியிலும் ஒன்று இருக்கும். அதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டி, இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்