உள்ளே இருப்பது என்ன கம்பெனி?

மருத்துவமனைத் தகராறு என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மஞ்சள் பையோடுதான் வருவார்கள். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. உள்ளே பத்து வருடத்துச் சுகர் டெஸ்ட், சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட எக்ஸ்ரே, மருந்துக் கடைச் சீட்டு எல்லாம் இருக்கும். நான் தேடுகிற ஒரு துண்டுக் காகிதம் மட்டும் இருக்காது.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். நான்கு வருடத்துக்கு முன் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர். இப்போது முதுகு வலி. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஸ்கேன் சென்டரில் இருந்த பெண் கேட்டிருக்கிறார்: "ஐயா, உள்ள என்ன வெச்சிருக்காங்க? கார்டு இருக்கா?" பெரியவர் சொன்ன பதில்: "நல்ல கம்பெனிதாம்மா. ஃபாரின்."

ஸ்கேன் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியவருக்கு அந்தப் பெண் மேல் கோபம். எனக்கோ, நான்கு வருடத்துக்கு முன் அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்த மருத்துவமனை மேல்தான் கோபம். இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு உடம்புக்குள் ஒரு பொருளை வைத்தவர்கள், அது என்ன பொருள் என்று எழுதித் தரவில்லை. இவரும் கேட்கவில்லை. வளையலை அடகு வைத்த சீட்டைப் பீரோ லாக்கரில் பூட்டி வைக்கிறவர்கள் நாம். இதற்கு மட்டும் சீட்டு வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம்.

இது முட்டி, இடுப்பு மூட்டுக்காரர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை. இதயத்தில் ஸ்டென்ட், வால்வு, பேஸ்மேக்கர், எலும்பு முறிவுக்கு பிளேட், ராடு, குடலிறக்கத்துக்கு மெஷ், கண்ணில் லென்ஸ் என்று எது வைத்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

புதிது என்றால் நல்லது என்று அர்த்தமில்லை

உடம்புக்குள் வைக்கும் பொருள்களில் ஆராய்ச்சி ஓயாமல் நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் தேறிய பொருள் உடம்புக்குள் பத்து வருடம் எப்படி நடந்துகொள்ளும் என்பது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். இரண்டு உதாரணம் போதும்.

உலோகக் கிண்ணத்துக்குள் உலோகப் பந்து சுழலும் இடுப்பு மூட்டு ஒன்றை ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் விற்றது. பெயர் ஏ.எஸ்.ஆர். நீடித்து உழைக்கும் என்றார்கள். உலோகமும் உலோகமும் உரசிக் கோபால்ட், குரோமியத் துகள்கள் உதிர்ந்தன. சுற்றியிருந்த சதை கெட்டது, ரத்தத்தில் கோபால்ட் ஏறியது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் இது வைக்கப்பட்டிருந்தது. எட்டு வருடம் கழித்து, 2018இல், மத்திய அரசு சுமார் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீட்டுக்குக் கணக்கு வகுத்தது. கொடுக்கத் தேடியபோது பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மருத்துவமனையிடம் சரியான பதிவேடு இல்லை. நோயாளியிடம் சீட்டு இல்லை.

அடுத்தது, கரைந்து போகும் ஸ்டென்ட். பாலிலாக்டைடு என்ற பிளாஸ்டிக் வகையில் செய்தது. ரத்தக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மூன்று வருடத்துக்குள் தானே கரைந்துவிடும் என்றார்கள். அப்சார்ப் என்ற பெயரில் அபாட் நிறுவனம் விற்றது. அமெரிக்காவில் 2016 ஜூலையில் அனுமதி கிடைத்தது. சாதாரண மருந்து பூசிய ஸ்டென்ட்டைவிட இதில் ரத்தம் உறைந்து அடைப்பது அதிகம் என்று தெரியவர, 2017 செப்டம்பரில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு வைத்தது அதுவா, வேறா? "ஸ்டென்ட் வெச்சாங்க" என்று மட்டும் சொல்கிறவருக்கு இதற்குப் பதில் கிடையாது.

அந்த ஸ்டிக்கர்

ஸ்டென்ட், மூட்டு, வால்வு, பேஸ்மேக்கர் போன்றவை வருகிற அட்டைப் பெட்டிக்குள் உரித்து ஒட்டக்கூடிய ஸ்டிக்கர்கள் நாலைந்து இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி. ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவதற்கு, ஒன்று பில்லுக்கு, ஒன்று உங்களுக்கு. அதில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

கட்டம் போட்டு ஆர்.இ.எஃப். என்ற எழுத்துகள் இருக்கும். அது மாடல் எண். எல்.ஓ.டி. என்பது பேட்ச் எண், எஸ்.என். என்பது அந்த ஒரு பொருளுக்கே உரிய எண். இரண்டில் ஒன்றாவது இருக்கும். மணல் கடிகாரப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது காலாவதித் தேதி. தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதி செய்தவர் பெயரும் உரிம எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மருத்துவச் சாதன விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

முட்டி மாற்றில் ஒரு ஸ்டிக்கர் போதாது. தொடை எலும்புப் பாகம், கீழ்க்கால் எலும்புப் பாகம், நடுவில் பாலிஎத்திலீன் தட்டு என்று தனித்தனிப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கர் கேளுங்கள். இரண்டு முட்டி என்றால் இரண்டு செட்.

எலும்பு முறிவு பிளேட், ஸ்குரூக்களில் ஒரு சிக்கல் உண்டு. பல இடங்களில் இவை பெட்டியில் வருவதில்லை. டிரேயில் உதிரியாக வைத்து மருத்துவமனையிலேயே ஸ்டெரிலைஸ் செய்வார்கள், ஸ்டிக்கர் இருக்காது. அங்கே, இம்பிளான்ட் கொடுத்த டீலரின் பில் நகலைக் கேளுங்கள். டைட்டானியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பதையும் கம்பெனி பெயரையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள்.

எப்போது கேட்பது? டிஸ்சார்ஜ் அன்று ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது அல்ல. ஆபரேஷனுக்கு முந்தின நாள், கையெழுத்து வாங்க வருவார்களே, அப்போது. "ஸ்டிக்கர் எங்களுக்கு ஒன்று வேண்டும்" என்று அந்தப் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதி வாங்குங்கள்.

விலை

ஸ்டென்ட்டுக்கு அரசு உச்சவரம்பு உண்டு. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கு முன் ஒரு லட்சத்தைத் தாண்டி விற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் கோபால்ட் குரோமிய முட்டிக்கு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய் என்று வைத்தார்கள். பிறகு தொகைகள் மாறியிருக்கின்றன. உங்கள் ஆபரேஷன் தேதியில் என்ன வரம்பு என்பதைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். 1800 111 255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

ஸ்டென்ட்டின் விலை, பிராண்டு, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றை மருத்துவமனை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்று அந்த ஆணையமே உத்தரவிட்டிருக்கிறது. "பேக்கேஜ் சார், பிரிச்சுத் தர முடியாது" என்று பில் கவுன்டரில் சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். விலை ஆணையத்தில் புகார் கொடுத்தால் கூடுதலாக வாங்கிய பணம் உங்கள் கைக்குத் திரும்பும் என்று நினைக்கிறார்கள். ஆணையம் வசூலிக்கும் தொகை அரசுக்குப் போகும். உங்கள் பணம் உங்களுக்கு வர வேண்டுமானால் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு புகாரும் கொடுங்கள், இரண்டும் வேறு என்று தெரிந்து கொடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் நடக்கும்போது "நல்ல இம்பிளான்ட் வேணும்னா மேல கொஞ்சம் கட்டணும்" என்று கேட்டால், பணத்தைக் கட்டுவதற்கு முன் 1800 425 3993க்குப் போன் செய்யுங்கள். கட்டிவிட்டு, ரசீதும் வாங்காமல் என்னிடம் வந்து அழுது பயனில்லை.

ஸ்டிக்கர் இல்லாதவர்களுக்கு

ஆபரேஷன் முடிந்துவிட்டது, எதுவும் வாங்கவில்லை என்றால் இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மருத்துவமனையில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு இருக்கும். வரவேற்பு மேஜையில் விசாரித்துவிட்டு வராதீர்கள். மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்:

"ஐயா, நான் இந்தத் தேதியில், இந்த ஐ.பி. எண்ணில் தங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். என் கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, இம்பிளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம், ஒப்புதல் படிவம், பிரித்துக் காட்டிய பில் ஆகியவற்றின் நகல்களை, மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் டெலிவரிச் சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஞ்சியோ சி.டி.யையும் சேர்த்துக் கேளுங்கள்.

அந்த ஒழுங்குமுறையிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருந்தால் போதும். அதன் பிறகு "அழிச்சாச்சு" என்று சொல்லிவிடலாம். இடுப்பு மூட்டுப் பெரியவருக்கு அதுதான் நடந்தது. பதினைந்து, இருபது வருடம் உடம்பில் இருக்கப்போகும் பொருளுக்கு மூன்று வருடக் காகிதம். விதியை எழுதியவர்களுக்கு இது ஏன் உறைக்கவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. திருத்துகிறவரை நாம்தான் காகிதத்தைக் காப்பாற்ற வேண்டும்.

அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். பத்து ரூபாய் கட்டணம், பதில் தர 30 நாள். தனியார் மருத்துவமனை 72 மணி நேரத்தில் தராவிட்டால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும் கடித நகலோடு புகார் அனுப்புங்கள்.

கோளாறு வந்தால்

வைத்த மூட்டு வலிக்கிறது, தளர்கிறது, பேஸ்மேக்கர் ஒயர் பழுதாகிறது என்றால் டாக்டரிடம் போவது ஒரு வேலை, அதைப் பதிவு செய்வது இன்னொரு வேலை. மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்பைக் கண்காணிக்க 2015 ஜூலை 6இல் தொடங்கிய தேசியத் திட்டம் ஒன்று, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தில் இயங்குகிறது. கட்டணமில்லா எண் 1800 180 3024. டாக்டரையும் படிவம் நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பினால் தன் தவற்றை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று சில டாக்டர்கள் தயங்குகிறார்கள். அப்படி ஆகாது. பத்து ஊரில் பத்துப் பேர் சொன்னால்தான் ஒரே பேட்ச்சில் கோளாறு என்று தெரியவரும். அங்கேயும் முதலில் தேவைப்படுவது மாடலும் பேட்ச் எண்ணும்தான்.

பொருளே தரமற்றது, காலாவதியானது என்று சந்தேகம் வந்தால் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது.

மறு ஆபரேஷன் செய்து பழைய பொருளை எடுக்கிறார்கள் என்றால், எடுத்ததை எங்களிடம் தர வேண்டும் என்று ஆபரேஷனுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அது மருத்துவக் கழிவோடு போய்விடும். கம்பெனி ஆள் வந்து "டெஸ்ட் பண்ணித் தர்றோம்" என்றால் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கின் சாட்சி அது. மறுபடியும் சொல்கிறேன், கொடுக்காதீர்கள்.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. பாதிப்பு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டம் தயாரிப்பாளரையும் பொறுப்பாக்குகிறது என்பதால் மருத்துவமனையோடு கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். எந்தக் கம்பெனி என்று தெரிந்தால்! "ஃபாரின்" மேல் வழக்குப் போட முடியாது. காசே வாங்காமல் எல்லாருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அப்போது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து, பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். அசலை ரேஷன் கார்டோடு வையுங்கள். ஒரு நகல் எப்போதும் பர்ஸில் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. இன்றைய மூட்டும் ஸ்டென்ட்டும் பெரும்பாலும் அதைத் தாங்கும். பழைய பேஸ்மேக்கரும், மூளை ரத்தக் குழாயில் போட்ட பழைய கிளிப்பும் உயிருக்கே ஆபத்தாகலாம். சொல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. பேஸ்மேக்கர் வைத்தவர் இறந்தால், தகனத்துக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் பேட்டரி சூட்டில் வெடிக்கும். மகனுக்கோ மகளுக்கோ தெரியாவிட்டால் சுடுகாட்டில் யார் சொல்வார்கள்?

இப்போது அந்த மஞ்சள் பையை எடுங்கள். ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அட்மிஷன் தேதியைப் பார்த்து, மூன்று வருடம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். கடிதத்தை அதற்குள் கொடுத்துவிடுங்கள்.