தேய்வது வேறு, மெலிவது வேறு

நவம்பர் மாதத்தில் ஆயுள் சான்று அளிக்க வங்கிக் கிளைகளுக்கு வரும் ஓய்வூதியர்களில் பலர், படியேறுகையில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலை முன்வைத்து மறுகாலை மெல்ல இழுத்துக்கொள்வதைக் காண்கிறோம். கேட்டால், "எலும்பு தேய்ந்துவிட்டது, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறேன்" என்பார்கள். இந்த ஒரு விடையில் இரண்டு வெவ்வேறு நோய்கள் கலந்துவிடுகின்றன.

முழங்காலில் முதலில் தேய்வது எலும்பன்று. எலும்பின் முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு. அது தேயத் தேய மூட்டின் இடைவெளி குறுகி, ஓரங்களில் முள் போன்ற எலும்பு வளர்ச்சிகள் தோன்றுகின்றன. வலிப்பதால் நோய் தெரிந்துவிடுகிறது. எலும்புப்புரையோ எலும்பின் உட்புறத்தையே சல்லடையாக்குவது. அது வலிப்பதில்லை. வழுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறியும் நாள்வரை பலர் அதனை அறிவதேயில்லை.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவு விந்தையானது. இடுப்பு மூட்டுத் தேய்மானம் உடையோரின் எலும்பு அடர்த்தி மிகுந்திருப்பதை ஃபாஸ், பையர்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1972-இல் எடுத்துக்காட்டினர். முழங்காலிலும் இப்போக்குப் பின்னர் காணப்பட்டது. உடல் எடை இதற்கு ஒரு காரணம். மிகுந்த எடை எலும்பை உரமாக்குகிறது. அதே எடை மூட்டைத் தேய்க்கிறது. ஆகவே ஒன்று இருந்தால் மற்றொன்று வாராது என்று எண்ணத் தோன்றும்.

அந்த எண்ணம் ஆபத்தானது. வலியால் நடை குறைகிறது. நடை குறையத் தொடைத் தசை மெலிகிறது. சுமை தாங்காத எலும்பும் வலுவிழக்கிறது. முழங்கால் திடீரென மடங்கி விழும் வாய்ப்பும் கூடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இரண்டும் சேர்ந்தே வரக்கூடும். விழுபவருக்கு அடர்த்தி சற்று மிகுந்திருப்பதால் மட்டும் காப்பு இல்லை.

முழங்கால் எக்ஸ்ரே எலும்பின் அடர்த்தியை அளப்பதில்லை. அதற்கு டெக்சா ஸ்கேன் வேண்டும்; அதில் டி-ஸ்கோர் −2.5 அல்லது அதற்கும் கீழாக இருந்தால் எலும்புப்புரை. முதுகெலும்பில் முள் வளர்ச்சி இருப்பின் அங்கே அளவு பொய்யாக மிகுத்துக் காட்டும். இடுப்பின் அளவையும் பார்ப்பது நன்று. மூட்டு மாற்று அறுவைக்கு முன் இதனை மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். வலுவற்ற எலும்பில் பொருத்திய செயற்கை மூட்டைச் சுற்றிப் பின்னாளில் முறிவு ஏற்படலாம்.

கால்சியம் மாத்திரை குருத்தெலும்பை வளர்க்காது. முழங்காலுக்கு உதவுவன எடைக் குறைப்பும் தொடைத் தசைப் பயிற்சியுமே. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிச் சில நொடிகள் நிறுத்தி இறக்குவது எவரும் செய்யத்தக்கது. மருந்துச் சீட்டின்றி வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை வலியை ஆற்றும். நெடுநாள் உண்டால் எலும்பை அரிக்கும்.

மிகவும் இயலாதவர்கள் சான்றுக்காகப் படியேற வேண்டியதில்லை. 70 வயது கடந்தோருக்கு வீடு தேடிச் சென்று சேவை அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளை அறிவுறுத்தியுள்ளது. ஜீவன் பிரமாண் வழியாகக் கைப்பேசியிலும் அளிக்கலாம்.