192 அடி கோபுரம், 36 அங்குலப் படம்

ராஜபாளையத்தில் புது வீட்டு வரவேற்பறைக்கு வானுயர்ந்த கட்டடப் படம் தேடுவோர் நியூயார்க் வரை போக வேண்டாம். சுமார் 12 கி.மீ. தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. நம் கோபுரம் 15 அடி கூடுதல். சுதைச் சிற்பங்கள் மொய்க்காததால் நிலைகளின் கோடுகள் கருப்பு வெள்ளையில் அழகாக எடுபடும்.

இந்தப் படத்துக்கு முதல் செலவு தூரம்தான். கேமராவை அண்ணாந்து பிடித்தால், ஏற்கெனவே மேலே குறுகும் கோபுரம் இன்னும் ஒடுங்கிப் பின்னால் சாயும். நேராகத்தான் பிடிக்க வேண்டும். கண்மட்டம் 5 அடி போக மீதி 187 அடி. 36 மி.மீ. சென்சாரைச் செங்குத்தாக வைத்தால் மேல்பாதி 18 மி.மீ. ஆக, 24 மி.மீ. லென்ஸுக்கு 187 × 24 ÷ 18 = 249 அடி பின்னால் போக வேண்டும். 12 மி.மீ. மேலே நகர்த்தக்கூடிய ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் 187 × 24 ÷ 30. ஏறக்குறைய 150 அடி போதும். மிச்சம் 99 அடி. கடைத்தெருவில் 99 அடி என்றால் எத்தனை மின்கம்பி, எத்தனை பெயர்ப்பலகை! 1903-இல் 285 அடி பிளாட்அயர்ன் கட்டடத்தைப் படமெடுத்த ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எதிரே மேடிசன் சதுக்கப் பூங்கா இருந்தது. நமக்கு வீதிதான்.

இன்னொரு இழப்பும் உண்டு. 6000 × 4000 பிக்சல் கேமராவில், சாதாரண லென்ஸின் கீழ்ப்பாதி முழுக்கத் தரையே நிரம்பும். கோபுரத்துக்கு 3000 பிக்சல்தான் மிஞ்சும். ஷிஃப்ட் லென்ஸில் 5000. படத்தை 36 அங்குல உயரத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்கு முறையே 83, 139. 12 மெகாபிக்சல் போனில் 56.

அச்சுக்கு 300 வேண்டும் என்பது கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கான கணக்கு. நல்ல பார்வையுள்ள கண் 6 அடியிலிருந்து அங்குலத்துக்கு 48 புள்ளிகளுக்கு மேல் பிரித்தறியாது. சோபாவில் உட்கார்ந்து பார்க்கப் போன் படமே தாங்கும். ஆனால் பிடித்த படத்தின் அருகே யாரும் எழுந்து போவார்கள். 3 அடியில் தேவை 95. அங்கே ஷிஃப்ட் லென்ஸ் படம் மட்டுமே தேறும். அந்த லென்ஸை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதை நான் வீண் செலவாக நினைக்கவில்லை. கோபுரம் கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெயிலிலேயே வேலை முடிந்துவிடும்.

பிறகு பிரேம் கடை. 12 × 18 அங்குலப் படம் ஒன்றரைச் சதுர அடி. 24 × 36 ஆறு சதுர அடி. அச்சும் கண்ணாடியும் சதுர அடிக் கணக்கில் என்பதால் செலவு நான்கு மடங்கு. சட்டம் நீள அடிக் கணக்கு. 5 அடி 10 ஆகும், இரண்டே மடங்கு. 2 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ. பெரிய படத்தின் கண்ணாடி மட்டும் சுமார் 2.8 கிலோ வரும். ஒற்றை ஆணியில் மாட்டாமல், சுவரில் துளையிட்டு இரண்டு திருகாணி போடச் சொல்லுங்கள். மேற்கு வெயில் நேரே விழும் சுவர் வேண்டாம், மை வெளுத்துவிடும்.