பாட்டு பிறந்த கூடத்தைப் பார்க்கப் போகலாமா?

காட்கோபர் தமிழர் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்தால், "ஸ்டுடியோ ஏதாவது பார்க்கலாமா?" என்ற கேள்வியும் கூடவே வரும். பக்கத்துச் செம்பூரில் ராஜ்கபூர் 1948-ல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ இருந்தது. 2017 செப்டம்பர் தீவிபத்தில் பழைய படங்களின் உடைகளெல்லாம் கருகின. 2019-ல் இடம் கோத்ரெஜ் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

மிச்சமிருப்பதில் முக்கியமானது பாந்த்ராவின் மெஹபூப் ஸ்டுடியோ. 'மதர் இந்தியா' எடுத்த மெஹபூப் கான் 1954-ல் நிறுவியது. படப்பிடிப்புத் தளங்களோடு பாட்டுப் பதிவுக்கென்றே ஒரு பிரிவும் அங்கே இயங்கியது. மெட்ரோவில் அந்தேரி, அங்கிருந்து லோக்கலில் பாந்த்ரா, போவது சுலபம். உள்ளே நுழைவதுதான் சிரமம். அது டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கும் இடமல்ல, வேலை நடக்கும் இடம். 2010-ல் அனிஷ் கபூரின் சிற்பக் கண்காட்சி நடந்ததுபோல, பொதுமக்களுக்குக் கதவு திறக்கும் நாட்களும் உண்டு.

சரி, ஆளில்லாத கூடத்தில் பார்க்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது என்பேன். ஆனால் விஷயம் தெரிந்து போக வேண்டும். தனித்தனி டிராக்கில் பதிந்து பிறகு சேர்க்கும் வசதி வராத காலத்தில், பாடகர், கோரஸ், வயலின் வரிசை, தபலா எல்லாரும் ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். செபாஸ்டியன் டிசூசா போன்ற கோவாக்காரர்கள் எழுதிக் கொடுத்த நொட்டேஷன் ஒவ்வொருவர் முன்னாலும் ஸ்டாண்டில் இருக்கும். சத்தம் பெரிதான வாத்தியம் மைக்கிலிருந்து தள்ளி, புல்லாங்குழல் கிட்டே. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதே பாதி மிக்ஸிங். கடைசிச் சரணத்தில் ஒருவர் வில் பிசகினாலும் எல்லாரும் பல்லவியிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும். அந்த உழைப்பின் அளவு கூடத்தின் நீள அகலத்தைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும்.

நமக்கும் இந்த ஊரில் உரிமை உண்டு. 'தளபதி' படத்தின் 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி' பாட்டை இளையராஜா பம்பாயில், இங்கேயுள்ள வாத்தியக்காரர்களை வைத்துத்தான் பதிவு செய்தார். கிளம்புவதற்கு முந்தின இரவு ஹெட்போன் போட்டு அதன் இடையிசையை ஒருமுறை கேளுங்கள். வயலின்கள் எத்தனை வரிசை இருக்கும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

சினிமாப் பொருட்களைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குச் சென்னையில் 2023-ல் திறந்த ஏவி.எம். அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய கார்களும் கருவிகளும் அங்கே நிற்கின்றன. பாட்டுக்காகப் போகிறவர்கள் பாந்த்ராவை விடாதீர்கள். ஆர்.கே.வை "அடுத்த லீவில்" என்று தள்ளிப்போட்டவர்கள் நம்மில் பலர். கண்காட்சி, விழா அறிவிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். முன்கூட்டியே போன் செய்து, அனுமதி கிடைத்தபின் கிளம்புங்கள்.