மனைத்தோட்டமும் பெரும்பொழுதும்

ஓர் ஆண்டை ஆறு கூறாக்கி, கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெயரிட்டனர் பண்டைத் தமிழர். ஒவ்வொன்றும் இரண்டு திங்கள் அளவினது. ஆவணியில் கார் தொடங்க, ஆடியில் முதுவேனில் முடியும். இப்பெயர்களை மனப்பாடம் செய்த மாணவர் பலர். இவற்றைக் கண்ணாற் கண்டவர் சிலரே. காண்பதற்குக் காடும் மலையும் நாடிச் செல்லவேண்டுவதில்லை. பின்கட்டைக் கடந்து கிணற்றடிக்குச் சென்றாற் போதும். அங்கே ஒரு வேம்பும், ஒரு முருங்கையும், இரண்டு வாழையும், பந்தலிற் படர்ந்த ஓர் அவரைக்கொடியும் இருக்குமாயின், ஆறு பருவங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே வந்து செல்லும்.

இவ்விடத்தைக் காவிரிக்கரை ஊர்களிற் கொல்லை என்பர். பழைய நூல்களில் அச்சொல் முல்லைநிலத்துப் புன்செயைக் குறித்தது; மனையை அடுத்த தோட்டத்திற்குப் படப்பை என்பதே பெயர். பின்னர்ப் படப்பை வழக்கில் அருகியது. கொல்லை அதன் இடத்திற்கு வந்தது. சொற்களும் நாற்றுப்போல ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்த்து நடப்படுகின்றன.

கார்காலத்து மாலையில் இடியோடு ஒரு மழை பெய்து ஓய்ந்ததும், முல்லைக்கொடியின் அரும்புகள் கட்டவிழும். ஈரமண்ணிற் செம்பட்டுத் துணுக்குகள் போலச் சில சிறு பூச்சிகள் ஊர்ந்து செல்லும். தம்பலப்பூச்சி என்று இன்று வழங்கும் இதனையே முன்னோர் மூதாய் என்றனர். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவையின் எச்சம்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு முகஞ்சுளிப்போர் உண்டு. அது எச்சமன்று, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. பறவைகள் உணவென்று கருதாமல் விலகிச் செல்லவே அவ்வுருவம். வளர்ந்தபின் அது பச்சைநிறம் பெற்று இலையோடு இலையாய் மறையும். அதனை நசுக்கியெறிவோர் சில இலைகளைக் காப்பர். கருஞ்சிறகில் வெண்புள்ளி வரிசையுடன் பறக்கவேண்டிய ஓர் அழகை இழப்பர்.

கூதிரில் வடகிழக்குப் பருவமழை வரும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இப்பருவத்திற்கு உரியது. விடியலிற் பவளமல்லி மரத்தடியில் வெண்ணிதழும் செங்காம்புமாகப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும். இரவில் மலர்ந்து வைகறையில் வீழ்வது அதன் இயல்பு. அம்மரத்தடியிலும் வாழையடியிலும் வீழ்ந்த மழைநீர் மெல்ல மண்ணுட் புகுந்து கிணற்றை அடையும். கொல்லை முழுவதும் சிமிட்டி பூசப்பட்ட வீட்டிலோ அந்நீர் தெருவுக்கு ஓடிவிடும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. திறந்த மண் இருந்த காலத்தில் அப்பணியைக் கொல்லை எவர் ஏவலுமின்றிச் செய்துவந்தது.

முன்பனியின் அழகு பூசணியில் உள்ளது. மார்கழி வைகறையிற் கோலத்தின் நடுவே சாணவுருண்டையிற் செருகப்படும் பொன்னிறப் பூவை அறியாதார் யார்? எனினும் அதனைப் பறிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பூசணிக்கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். ஆண்பூ நீண்டு மெலிந்த காம்பின்மேல் நிற்கும். பெண்பூவின் அடியிலோ சிறுபிஞ்சு ஒன்று பூக்குமுன்னரே உருண்டு திரண்டிருக்கும். பழகிய சிறுமி பனியிருட்டிலும் விரலால் தடவிப் பார்த்து, பிஞ்சுள்ளதை விட்டு மற்றதையே பறிப்பாள். ஆண்பூ அனைத்தையும் பறித்துவிடுதலும் தகாது. தேனீ கொண்டுசேர்க்கும் மகரந்தம் இல்லையெனில் பிஞ்சு வெம்பி விழும். ஆதலின் கோலத்திற்குச் சில, கொடிக்குச் சில என்று பகுத்துக்கொள்வது வீட்டு மகளிர் வழக்கம். பயிர்நூல் கற்பிக்கவேண்டிய உண்மை ஒன்று, நூலின்றியே பாட்டியிடமிருந்து பேர்த்திக்குச் சென்றது.

அவரையும் அப்போதுதான் பூக்கும். ஆடியில் விதைத்த பந்தலவரை நான்கைந்து திங்கள் இலையும் கொடியுமாகவே தழைத்திருந்து, பின்னரே வெள்ளையும் ஊதாவுமாகக் கொத்துக்கொத்தாய்ப் பூக்கும். காரணம் யாது? இரவு நீளுதலை அச்செடி உணர்கிறது. பகல் குறுகி இரவு நீண்டாலன்றி அரும்பெடாத இயல்பு அதற்கு உண்டு. இக்காலத்துச் செடியவரை வகைகள் சில பருவம் பாராது பூக்கின்றன. பயன் கருதுவோர்க்கு அது நன்றே. ஆயினும் காத்திருந்து காணும் பூவின் சுவை அதற்கு இல்லை.

பின்பனியில் வேம்பு இலையுதிர்க்கும்; முருங்கை வெண்பூக்கொத்துக்களால் நிறைந்து வண்டுகளை அழைக்கும். நாள்தோறும் சருகு பெருக்குவோர்க்கு இப்பருவம் சலிப்பூட்டுவது. ஆனால் சித்திரை பிறக்குமுன் அதே வேம்பு செந்தளிர் ஈன்று, சிறுவெண்பூச் சொரிந்து, நடுப்பகலிலும் மணக்கும். கூவுகின்ற குயிலைப் பெண்ணெனக் கருதுவோர் பலர். உரக்கக் கூவுவது கருநிற ஆண்குயிலே.

முல்லை காருக்கு உரியதுபோல மல்லிகை வேனிலுக்கு உரியது. கார்த்திகையிற் கவாத்துச் செய்த செடி பங்குனி முதற் பூக்கும். ஒரு மல்லிகைச் செடியின் முன் நாள்தோறும் சிறிது நேரம் நின்றால், தமிழின் சொல்வளம் விளங்கும். தோன்றுவது அரும்பு, முற்றுவது முகை, விரிவது மலர், பரந்து விரிந்தது அலர், உதிர்வது வீ, வாடியது செம்மல். அகராதியில் இவை ஒருபொருட் சொற்கள்போலத் தோன்றலாம். செடியருகே இவை வேறுவேறு பொருள். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியுரைத்தார். அவற்றுட் சிலவற்றை இன்ன செடியின் பூ என்று துணிவதற்கு இன்று அறிஞர்கள் இடர்ப்படுகின்றனர். பெயர் ஏட்டில் எஞ்சியது. சுட்டிக்காட்டும் விரல் இடையே எங்கோ அற்றது. முகைக்கும் மலர்க்கும் வேற்றுமை அறியாத தலைமுறை ஒன்று வருமாயின், அரும்புக்கும் செம்மலுக்கும் அந்நிலையே நேரும்.

முதுவேனிலில் வேப்பம்பழம் உதிர்ந்து தரையெங்கும் மஞ்சளாகும். ஆடிக்காற்றில் வாழையிலை நாராய்க் கிழியும். கிழிதலும் அதற்கு நன்மையே; கிழியாத பேரிலை காற்றை எதிர்த்து நின்றால் மரமே சாய்ந்துவிடும். அக்காற்றினூடே கிணற்றடியில் மண்ணைக் கொத்தி, சென்ற தைத்திங்களில் முற்றவிட்டு எடுத்துவைத்த அவரை விதைகளை ஊன்றுவர். சில நாட்களில் முளை கூன்முதுகோடு மண்ணைப் பிளந்து வந்து, பின்னர் நிமிர்ந்து, இரண்டு பருத்த இலைகளை விரிக்கும். கொடி வீசுமுன் பந்தலுக்குக் கால் நடவேண்டும்.