ஒரே தண்ணீர், பல பாகங்கள்: கணினியை நீரால் குளிர்விக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

வீட்டிலிருந்தபடியே வீடியோ தொகுப்பு, முப்பரிமாண வரைகலை, அனிமேஷன் போன்ற வேலைகளைச் செய்து உழைப்பவர்களுக்குக் கணினிதான் முதலீடு. நடு மத்தியானத்தில், நீண்ட வேலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது அது திடீரென மெதுவாகிவிடுவதைப் பலர் கண்டிருப்பர். பெரும்பாலும் இதற்குக் காரணம் வெப்பம். இன்றைய செயலிகள் 95 முதல் 100 பாகை செல்சியஸ் அளவை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ளத் தமது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அறையே 32 பாகையில் இருக்கும் எமது பகுதிகளில் அந்த எல்லை விரைவாகவே வந்துவிடுகிறது.

இதனால் நீரால் குளிர்விக்கப்படும் கணினிகள் மீது பலருக்கு ஆசை உண்டு. வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் பாவித்துவிட்டு அனுப்பும் கணினிகளிலும் இவ்வமைப்பு சில வேளைகளில் காணப்படுகிறது. ஆனால் செயலி, கிராபிக்ஸ் அட்டை எனப் பல பாகங்களை ஒரே நீர்ச் சுற்றில் இணைக்கும்போது, ஓரிடத்தில் ஏற்படும் தவறு எல்லாவற்றையும் பாதிக்கும். எனவே பணத்தைச் செலவிடும் முன் அது எவ்வாறு இயங்குகிறது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது.

தண்ணீர் செய்யும் வேலை

வாகன எஞ்சினுக்கு ரேடியேற்றர் செய்யும் வேலைதான் இங்கும் நடக்கிறது. செயலியின் மேல் நுண்ணிய பள்ளங்கள் கொண்ட செப்புக் கட்டி ஒன்று பொருத்தப்படும். பம்ப் ஒன்று அதனூடாகத் தண்ணீரைச் செலுத்தும். வெப்பத்தை ஏற்ற தண்ணீர் குழாய் வழியே ரேடியேற்றருக்குச் செல்லும். அங்கு மின்விசிறிகள் அந்த வெப்பத்தைக் காற்றில் சேர்த்துவிட, தண்ணீர் மீண்டும் திரும்பி வரும்.

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 4,200 யூல் தேவை. அதே கனவளவு காற்றுக்கு ஒரு யூலுக்குச் சற்று அதிகமாக இருந்தாலே போதும். அதனால்தான் விரல் நுனியளவு சிப் ஒன்றின் வெப்பத்தைத் தண்ணீரால் வேகமாக அள்ளிச் செல்ல முடிகிறது. ஆனாலும் தண்ணீர் வெப்பத்தை இல்லாமற் செய்வதில்லை, வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகிறது. கடைசியில் அவ்வளவு வெப்பமும் அறைக் காற்றில்தான் சேர்கிறது. ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த அமைப்பாக இருந்தாலும், அறையின் வெப்பநிலைக்குக் கீழே தண்ணீரைக் கொண்டுபோக அதனால் முடியாது.

எந்தப் பாகம் முதலில்?

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இன்டெல் கோர் ஐ9-14900கே செயலி முழு வேகத்தில் 253 வாற்று வரை எடுக்கும். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் அட்டைக்கு 450 வாற்று. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 700 வாற்று. 1000 வாற்று மின் அழுத்தி ஒன்று இடைவிடாது வெளிவிடும் வெப்பத்தில் இது பத்தில் ஏழு பங்கு.

தண்ணீர் முதலில் செயலிக்குப் போக வேண்டுமா, கிராபிக்ஸ் அட்டைக்கா என்பதுதான் பலரும் கேட்கும் கேள்வி. தோட்டத்தில் வாய்க்காலின் கடைப் பாத்திக்குத் தண்ணீர் குறைவாகவே போய்ச் சேரும் என்ற அனுபவத்திலிருந்து இந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் இது மூடிய சுற்று. நிமிடத்துக்கு 4 லீற்றர் வேகத்தில் ஓடும் தண்ணீர், 450 வாற்று அட்டையைக் கடக்கும்போது ஒன்றரைப் பாகையளவே சூடாகும். செயலியையும் கடந்து வந்த பின்னும் மொத்த உயர்வு இரண்டரைப் பாகைதான். ஆகவே ஒழுங்குமுறையால் பெரிய வேறுபாடு இல்லை. குழாய் மடியாமலும் குறுகிய தூரத்திலும் அமைவதே முக்கியம். பம்ப் எப்போதும் நீர்த்தொட்டிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். காற்றை உறிஞ்சி வறட்சியாக ஓடினால் பம்ப் பழுதாகிவிடும்.

வெப்பநிலையைத் தீர்மானிப்பது ரேடியேற்றரின் பரப்பு. 120 மில்லிமீற்றர் மின்விசிறி ஒன்றுக்குரிய பரப்பு ஏறக்குறைய 100 வாற்று வெப்பத்தை வெளியேற்றும், அப்போது தண்ணீர் அறையை விடப் பத்துப் பாகை சூடாக இருக்கும் என்பது இத்துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. அதன்படி 700 வாற்றுக்கு மூன்று விசிறி கொண்ட ரேடியேற்றர்கள் இரண்டாவது தேவை. ஒன்றோடு நிறுத்தினால், 32 பாகை அறையில் தண்ணீர் 50 பாகையைத் தாண்டிவிடும். பெரும்பாலான பம்புகளுக்கும் குழாய்களுக்கும் 60 பாகையே எல்லை. கனடாவில் 21 பாகை அறையில் அமைதியாக ஓடிய கணினி, யாழ்ப்பாணத்துக்கோ கிளிநொச்சிக்கோ வந்ததும் திணறுவதன் காரணம் இதுதான்.

எவற்றைச் சேர்க்க வேண்டும்?

அதிகம் பயன் பெறுவது கிராபிக்ஸ் அட்டை. அதன் சிப்பையும், சுற்றியுள்ள நினைவகத்தையும், மின்னழுத்தச் சீராக்கிகளையும் முழுமையாக மூடும் கட்டியைத் தெரிவு செய்ய வேண்டும். அடுத்தது செயலி. நினைவகத் தகடுகளுக்கும் சேமிப்பகத்துக்கும் மெல்லிய காற்றோட்டமே போதும். அதேவேளை, செயலியின் பெரிய விசிறியை அகற்றியதும் அதைச் சுற்றியுள்ள மதர்போர்ட் பாகங்கள் முன்பு பெற்ற காற்றையும் இழந்துவிடுகின்றன. பெட்டிக்குள் ஒரு விசிறியாவது அவ்விடத்தை நோக்கிக் காற்று வீச வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்

குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் அறிவர். அதே படிவு செப்புக் கட்டியின் நுண்ணிய பள்ளங்களை அடைத்துவிடும். கொதிக்க வைத்து ஆற்றினாலும் வடிகட்டினாலும் அதிலுள்ள உப்புகள் முற்றாக நீங்குவதில்லை. காய்ச்சி வடித்த நீரும், அதனுடன் துருத்தடுப்பும் பாசித்தடுப்பும் சேர்ந்த கரைசலுமே பொருத்தமானவை. செப்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் கலக்கக்கூடாது. கலந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுக் கசிவு ஏற்படும்.

கசிவு பெரிய நிறுவனங்களையும் விடவில்லை. 2004இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர் மக் ஜி5 கணினியின் 2.5 கிகாஹேர்ட்ஸ் வகையில் இரண்டு செயலிகள் திரவத்தால் குளிர்விக்கப்பட்டன. பின்னாளில் அவற்றுட் சிலவற்றில் திரவம் கசிந்து உள்ளுறுப்புகள் அரிக்கப்பட்டன.

செலவுக்கு முன்

நீர்ச் சுற்றுக்குப் போகும் முன் செலவில்லாத வழிகளைப் பார்க்கலாம். விசிறிகளிலும் தகடுகளிலும் படிந்த தூசியை அகற்றுவது, கணினியைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது, கிராபிக்ஸ் அட்டையின் மின் வரம்பைக் கால் பங்கு குறைப்பது ஆகியவை அவை. உயர்நிலை அட்டைகளில் மின் வரம்பைக் குறைப்பதால் ஏற்படும் வேக இழப்பு பெரும்பாலும் சிறியது, வெப்பமோ கணிசமாகக் குறையும். ஒரே கணினியில் குடும்பத்தின் வருமானம் தங்கியிருக்கிறதென்றால், நல்ல காற்றுக் குளிர்விப்பானே பாதுகாப்பானது. அதில் விசிறி நின்றால் புதிய விசிறி வாங்கினால் போதும்.

ஏற்கெனவே நீர்ச் சுற்றுள்ள கணினி ஒன்று வெளிநாட்டிலிருந்து வருவதானால், அனுப்பும் முன் திரவத்தை முழுமையாக வடித்துவிடச் சொல்லுங்கள். இங்கு மீண்டும் நிரப்பியதும் மற்றப் பாகங்களுக்கு மின் கொடாமல் பம்பை மட்டும் 24 மணித்தியாலம் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டின் கீழும் வெள்ளைக் கடதாசி விரித்து வையுங்கள். கடதாசியில் ஈரம் காணப்படாவிட்டால் மட்டும் முழுக் கணினிக்கும் மின் கொடுங்கள். அதன் பின்னும் ஆண்டுக்கு ஒரு தடவை திரவத்தை மாற்றுவதும், முடிந்த வேலைகளின் பிரதியை வேறு வன்தட்டில் வைத்திருப்பதும் அவசியம்.